டியூப்பா, மேகசினா? ஷாட்கன் வாங்குமுன் கையில் வைத்துப் பார்க்க வேண்டியவை

உசிலம்பட்டிப் பக்கம் ராணுவத்துக்கு ஆள் போகாத தெரு குறைவு. நான் அங்கே 22 வருஷம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக, இருந்துவிட்டு வந்தவன். துப்பாக்கியைச் சுட்டதைவிடக் கழற்றி மாட்டியதுதான் அதிகம். லைசென்ஸுக்கு மனுப் போட்டவர்கள், அப்பா வைத்திருந்த இரட்டைக்குழலைத் தன் பெயருக்கு மாற்றியவர்கள், வங்கிக் காவலுக்குப் போகிற முன்னாள் படைவீரர்கள் என்று யாராவது வந்து திண்ணையில் உட்காருவார்கள்.

போன மாதம் வந்தது என் அக்கா மகன். பேரையூர் தாண்டி மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறான். போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அதில் ஒருவர் ஷாட்கன்னின், அதாவது சிதறுகுண்டுத் துப்பாக்கியின், அடியிலிருந்து பெட்டி மாதிரி மேகசினை உருவிப் போட்டுவிட்டு வேறொன்றைச் செருகி, மறுபடி சுடுகிறார்.

"மாமா, பாருங்க, ரெண்டே செகண்டு. கடையில காட்டுன டியூப் துப்பாக்கியில ஒவ்வொண்ணா திணிக்கணும். எதை வாங்கலாம்?"

"மாப்ள, வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுடுவ?"

"பத்து இருக்குமா... அதுகூட இருக்காது."

"எத்தனை தடவ காலி பண்ணுவ?"

அவன் பதில் சொல்லவில்லை. அதை அவன் யோசித்தே பார்த்ததில்லை. வீட்டுக்குள் கொண்டுவரும்போது, துடைக்கும்போது, ஆயுத பூஜைக்கு எடுத்து வைக்கும்போது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது என ஒவ்வொரு தடவையும் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நம் ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி சுடுவதைவிடக் காலி செய்யப்படுவதுதான் அதிகம். டியூப்பையும் (குழலுக்கு அடியில் ஓடும் தோட்டாக் குழாய்) மேகசினையும் (கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி) நான் ஒப்பிடுவது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் லைசென்ஸ்

மாதிரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் சட்டத்தைப் பார்ப்பவர்கள்தான் அலைகிறார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. மாவட்டத்தில் கலெக்டரும், போலீஸ் கமிஷனர் இருக்கிற மாநகர எல்லைக்குள் கமிஷனரும் லைசென்ஸ் தருகிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் (முன்பு மூன்று), லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும் (முன்பு மூன்று). திருவிழா, கல்யாணம் என்று வானத்தைப் பார்த்துச் சுட்டு ஆளுக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான்.

நம் விஷயத்துக்கு முக்கியம் இது: விசையை இழுத்தால் அதுவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற அரைத் தானியங்கி வகையும், 20 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன்னும் சாதாரண லைசென்ஸில் வராது. வீடியோக்களில் மேகசினோடு பறக்கிற சைகா-12, வெப்ர்-12 இரண்டும் கலாஷ்னிகோவ் வழி வந்த அரைத் தானியங்கிகள். மேகசின் போட்ட, குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற பம்ப் ஆக்‌ஷன் வகையில் மாஸ்பெர்க் 590எம், ரெமிங்டன் 870 டிஎம் என்று 2018-ல் இரண்டு வந்தன. பெரும்பாலும் 18.5 அங்குலக் குழலோடு விற்றவை அவை. குழல் 18 அங்குலம் இருந்தால் போதும் என்கிற அமெரிக்கச் சட்டத்துக்கு அந்த அளவு சரி. நம் சட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் குறைவு. போதாததற்கு, சாதாரண ஆட்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் வந்தவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பம்ப் ஆக்‌ஷன் வேண்டும் என்பவர்களுக்கு நம் பக்கத்துச் சரக்கே உண்டு: திருச்சி படைக்கலத் தொழிற்சாலை 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) பம்ப் ஆக்‌ஷன் செய்திருக்கிறது. அது டியூப் வகை.

மாப்பிள்ளைக்கு இன்னொன்றும் சொன்னேன். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கினாலும் காட்டுப்பன்றியைச் சுடும் உரிமை அதோடு வராது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுடுவது வனத்துறை ஆட்களின் வேலை, நிலத்துக்காரர் வேலை இல்லை. அவன் முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும், வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே என்ன நடக்கிறது

டியூப் வகையில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடும். தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ரயில் பெட்டி மாதிரி, அதற்குள் படுத்திருக்கும். முன்னால் இருக்கிற நீள ஸ்பிரிங் அவற்றைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். வாய்ப்பக்கம் இரண்டு சின்னக் கொக்கிகள் காவல் நிற்கும். முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் கொக்கி விலகி ஒரே ஒரு தோட்டாவை விடும். அது ஒரு தகட்டின் மேல் வந்து உட்காரும். முன்கட்டையை முன்னால் தள்ளும்போது தகடு அதைத் தூக்கிக் கொடுக்க, போல்ட் என்கிற இரும்புத் துண்டு அதை சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், தள்ளும். இந்தத் தகட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டியூப் துப்பாக்கியின் நல்லது கெட்டது பாதி இதில்தான் இருக்கிறது.

மேகசின் வகையில் தோட்டாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அடியிலிருந்து ஸ்பிரிங் மேலே தள்ளும், மேலே இரண்டு உதடுகள் பிடித்திருக்கும். போல்ட் முன்னால் போகும்போது மேல் தோட்டாவைச் சீவிக்கொண்டு போகும். பாகம் குறைவு, வேலை நேரடி.

அப்படியென்றால் ஷாட்கன் ஏன் நூறு வருஷத்துக்கு மேலாக டியூப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறது? ஜான் பிரௌனிங் வரைந்த வின்செஸ்டர் 1887, 1897, பிறகு ஆட்டோ-5, 1950-ல் வந்து ஒரு கோடிக்கு மேல் விற்ற ரெமிங்டன் 870 என எல்லாமே டியூப். ரைபிளில் டியூப் ஏன் செத்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். பிரான்ஸின் 1886 லெபெல் ரைபிளில் எட்டுத் தோட்டா டியூப்புக்குள் படுத்திருந்தன. பின்னாளில் குண்டின் நுனி கூராக ஆனபோது, பின்னால் இருக்கிற குண்டின் கூர் முன்னால் இருக்கிற தோட்டாவின் கேப்பில் (தோட்டாவின் அடியில், அடிபட்டால் தீப்பற்றும் சின்ன மூடி) குத்தி வெடித்துவிடும் என்ற பயம் வந்தது. அதற்காகக் கேப்பைச் சுற்றி ஒரு பள்ளமே வெட்டினார்கள். ஷாட்கன் தோட்டாவின் முகமோ தட்டை. கேப்பில் குத்த எதுவும் இல்லை. டியூப்புக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கும்.

மேகசினுக்கு எதிராக இருப்பது தோட்டாவின் உருவமும் அளவும். 12 போர் என்றால் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அந்த விட்டத்தில் 12 ஈயக் குண்டு வார்த்தால் ஒரு பவுண்டு எடை வரும், பெயர் அப்படி வந்தது. தோட்டாவின் அடி விளிம்பு இன்னும் அகலம், 22 மில்லிமீட்டருக்கு மேல். பத்தை ஒற்றை வரிசையாக அடுக்கி ஸ்பிரிங்குக்கும் இடம் விட்டால் மேகசின் ஒரு சாணுக்கு மேல் தொங்கும். போதாததற்கு அந்த விளிம்பு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் எவ்வளவு தள்ளினாலும் அசையாது. பழைய .303 ரைபிளுக்குத் தோட்டா நிரப்பிப் பழகியவர்களுக்கு இந்த வம்பு தெரியும். தோட்டாவை ஒழுங்காகச் சாய்த்து அடுக்குவதற்காகத்தான் மேகசினை வளைக்கிறார்கள்.

நிரப்பிப் பாருங்கள்

கடையில் டம்மி தோட்டா கேளுங்கள். கேப்பும் மருந்தும் இல்லாத, நிறம் வேறாக இருக்கிற வெற்றுத் தோட்டா. அசல் தோட்டாவை வைத்துப் பழகிக் காட்டுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

டியூப்பில் துப்பாக்கியைச் சற்றுத் திருப்பி, அடித் திறப்பில் தோட்டாவின் முகத்தை வைத்துக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். கொக்கி 'டிக்' என்று விழும்வரை தள்ளாமல் பாதியில் விரலை எடுத்தால் தோட்டா பின்னால் வழுக்கித் தகட்டுக்கு அடியிலோ மேலோ போய்ச் சிக்கும். பழைய ரெமிங்டன் 870-களில் இப்படிச் சிக்கினால் துப்பாக்கியே பூட்டிக்கொள்ளும். 1980-களில் தகட்டில் வளையும் நாக்கு ஒன்றை வெட்டி அதைச் சரிசெய்தார்கள். ரெமிங்டனில் தகடு கீழே இறங்கி நிற்பதால் விரலால் அதையும் தள்ள வேண்டும், புதுக் கட்டைவிரல் கொஞ்சம் வலிக்கும். மாஸ்பெர்க் 500-ல் தகடு மேலே ஏறி நிற்கும், வாய் திறந்தே இருக்கும். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால்தான் இந்த வித்தியாசம் புரியும்.

டியூப்பின் பெரிய வசதி, இரண்டு சுட்டுவிட்டு அந்த இரண்டை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம், துப்பாக்கி தோளுக்குத் தயாராகவே இருக்கும். மேகசினில் முழுதாக மாற்றலாம், ஆனால் மேகசினையே நிரப்ப வேண்டும் என்றால் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். வீடியோக்காரர் ஐந்து மேகசினை வீட்டிலேயே நிரப்பி இடுப்பில் கட்டி வந்ததைக் கேமரா காட்டாது. மேகசின் தொலைந்தால் அந்தத் துப்பாக்கி ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. உதடு வளைந்தாலும் அதே கதை. ஒரு கம்பெனி மேகசின் இன்னொன்றில் சேராது. டியூப் தொலையாது.

காலி செய்து பாருங்கள்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

மாப்பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்து, எனக்குத் தெரிந்தவரின் பம்ப் ஆக்‌ஷனை அவர் எதிரிலேயே வாங்கி, முதலில் அது காலி என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டோம். அப்புறம் நான்கு டம்மியை நிரப்பச் சொன்னேன். குழல் வேப்பமரத்தடி மண்மேட்டைப் பார்த்திருந்தது. "சரி, காலி பண்ணு."

கரக் கரக் என்று முன்கட்டையை இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று வெளியே விழுந்தன. அடுத்த இழுப்பில் எதுவும் விழவில்லை. "காலி மாமா" என்றான்.

"எத்தனை போட்ட?"

குனிந்து எண்ணினான். மூன்று கிடந்தன. கடைசி இழுப்பை அவன் முழுசாக இழுக்கவில்லை. முக்கால் தூரத்தில் நிறுத்தித் தள்ளியதில் நான்காவது உள்ளேயே இருந்துவிட்டது. முன்கட்டை மூடியிருந்தது, பார்வைக்கு அத்தனையும் அமைதி. நான் பணியிலிருந்த நாளில் இதே மாதிரி 'காலியான' துப்பாக்கி ஒன்று அறைக்குள் வெடித்து ஓட்டுக் கூரையைப் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆள் பிழைத்தது அவருடைய அம்மா செய்த புண்ணியம்.

டியூப்பைக் காலி செய்யும் முறை இது. குழல் பாதுகாப்பான பக்கம், விரல் விசைக்கு வெளியே, சேஃப்டி போட்டபடி. முதலில் சேம்பரில் இருப்பதை எடுங்கள். பிறகு அடித் திறப்பில் விரல் விட்டுக் கொக்கியை அழுத்தினால் டியூப்பில் உள்ளவை ஒவ்வொன்றாகக் கையில் வந்து விழும். பல மாதிரிகளில் இப்படிச் செய்யலாம். முடிந்தால் இதையே செய்யுங்கள், ஒவ்வொரு தோட்டாவையும் சேம்பர் வழியாக ஓட்டி எடுப்பதைவிட ஆபத்து குறைவு. வந்தவற்றை எண்ணுங்கள். அப்புறம் மூன்று இடத்தைப் பாருங்கள்: சேம்பருக்குள், தகட்டின் மேல், டியூப்பின் வாயில். டியூப் வாயில் சுண்டுவிரலை விட்டால் ஸ்பிரிங்கின் தலை, அதாவது பச்சையோ ஆரஞ்சோ நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி, விரலில் தட்டுப்பட வேண்டும். பித்தளையின் குளிர்ச்சி பட்டால் உள்ளே ஒன்று இருக்கிறது. இருட்டிலும் விரல் பொய் சொல்லாது.

மேகசினில் இவ்வளவு பாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு லீவரை அழுத்தினால் அத்தனை தோட்டாவும் ஒரே கட்டாகக் கையில். பிறகு போல்ட்டைத் திறந்து சேம்பரில் ஒன்று, அவ்வளவுதான். தினமும் நிரப்பி, தினமும் காலி செய்கிறவருக்கு இது உண்மையான வசதி. வேகமாகச் சுடுவதைவிட இதுதான் மேகசினின் பெருமை என்பேன். ஆனால் அதற்கும் ஒரு கண்ணி உண்டு. வரிசை மாறக்கூடாது. போல்ட்டை முதலில் இழுத்து ஒரு தோட்டாவை வெளியேற்றிவிட்டு, அப்புறம் மேகசினைக் கழற்றினால், போல்ட் மூடும்போதே அடுத்தது சேம்பருக்குள் போயிருக்கும். கையில் மேகசின், கீழே ஒரு தோட்டா, மனதில் 'காலி' என்ற நம்பிக்கை, உள்ளே ஒன்று. மேகசின் முதலில், போல்ட் அப்புறம். இதை நாக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிடுவது தாத்தா காலத்து இரட்டைக்குழல். நடுவில் மடித்தால் இரண்டு ஓட்டை, வெளிச்சம் தெரிந்தால் காலி. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டவர்களில் பாதிப் பேரிடம் நான் "உள்ளதை வைத்துக்கொள்" என்று சொல்லி அனுப்புவது இதனால்தான்.

தோட்டா

எந்த வகை ஆனாலும் குழலில் பொறித்திருக்கிற சேம்பர் நீளத்தை முதலில் படியுங்கள்: 65, 70 அல்லது 76 மில்லிமீட்டர். இந்த அளவு சுட்ட பிறகு தோட்டாக் கூடு விரியும் நீளம். சுடாத 70 மில்லிமீட்டர் தோட்டா, வாய் மடிந்திருப்பதால், 58 மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும். அதனால் பழைய ஆங்கில இரட்டைக்குழலின் 65 சேம்பரில் அது ஜோராக உள்ளே போகும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே என்று போட்டுவிடக் கூடாது.

டியூப்பில் எத்தனை கொள்ளும் என்பதும் தோட்டா நீளத்தைப் பொறுத்து மாறும். கடைக்காரர் சொல்கிற எண்ணிக்கை எந்த நீளத்துக்கு என்று கேளுங்கள். மேகசினிலோ அது வெட்டிய அளவுக்குத்தான் சரிவரும். குட்டையானதைப் போட்டால் மூக்கு தொங்கிச் சிக்கும்.

நம்மிடம் அதிகம் கிடைப்பது புனே பக்கம் இருக்கிற கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா. பிளாஸ்டிக் கூட்டை மேகசினில் அடைத்து வாரக்கணக்கில் வைத்தால், மேல் தோட்டாவை உதடுகள் அமுக்கி அமுக்கி, வட்டம் லேசாகச் சப்பையாகும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பீரோவுக்குள் இருந்தால் சீக்கிரமே ஆகும். சப்பையானது சேம்பரில் முரண்டு பிடிக்கும். டியூப்பில் அழுத்தம் நீளவாக்கில் விழுவதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் மாதக்கணக்கில் அடைத்து வைக்கிற இடம் அதுவும் அல்ல. வீட்டில் துப்பாக்கி தனி, தோட்டா தனி, இரண்டுக்கும் தனிப் பூட்டு. அப்படி வைத்தால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவையில்லை.

தோளில் வைத்து

டியூப்பில் எடை குழலோடு நீளமாகப் பரவும். நிரப்பியதும் மூக்கு கனக்கும், சுடச்சுட லேசாகும். மேகசினில் எடை நடுவிலேயே நிற்கும். ஆனால் தோளில் மாட்டி வரப்பில் நடக்கும்போது தொங்குகிற பெட்டி தொடையில் இடிக்கும், கருவேல முள்ளில் மாட்டும். படுத்துச் சுட்டால் தரையில் முட்டும்.

கரிசல் புழுதி இரண்டுக்கும் எதிரி. மேகசினைக் கழற்றினால் உள்ளே துடைக்க வழி திறந்திருக்கும். டியூப்பின் முன்மூடியைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்து, கையால் பொத்திக்கொண்டு திறங்கள். ஸ்பிரிங் பாய்ந்து வந்து மூக்கில் அடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பவர்கள் கட்டையில் வையுங்கள், இரும்பில் வேண்டாம். போன வருஷம் ஒருவர் கொண்டுவந்த துப்பாக்கியில் குங்குமப் பொட்டு வைத்த இடத்தில், அதே வட்டத்தில், துரு பூத்திருந்தது.

யாருக்கு எது

வானில் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இந்த விவாதமே வேண்டாம். அதில் டிராப் என்கிற பிரிவில் தட்டுக்கு இரண்டு தோட்டாவுக்கு மேல் இல்லை. மேலும் கீழுமாகக் குழல் வைத்த துப்பாக்கிதான் அங்கே ராஜா. புதுக்கோட்டையிலிருந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போன பிரித்விராஜ் தொண்டைமானின் போட்டி அதுதான். நடந்து, ஓடி, பல இலக்கைச் சுடும் ஐபிஎஸ்சி மாதிரிப் போட்டியில் ஓப்பன் பிரிவு இருக்கிறது. மேகசினின் வேகத்துக்கு மதிப்பு அங்கே உண்டு. அதே போட்டியில் டியூப்காரர்கள் ஒரே பிடியில் நான்கு தோட்டாவைத் திணிக்கப் பழகி மல்லுக்கு நிற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வங்கிக் காவலுக்கும் தோட்டக் காவலுக்கும் சட்டம் அனுமதிப்பதில், உதிரிப்பாகம் கிடைப்பதில், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இருப்பதில் டியூப் பம்ப் ஆக்‌ஷன். அல்லது இரட்டைக்குழல். என் ஓட்டு இரட்டைக்குழலுக்கு.

மாப்பிள்ளை இன்னும் முடிவு செய்யவில்லை. மனு போலீஸ் விசாரணையில் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து டம்மியை நிரப்பிக் காலி செய்து பழகுகிறான். போன வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தான். நான்கையும் எடுத்து வரிசையாக வைத்து எண்ணிவிட்டு, டியூப் வாயில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்த பிறகுதான் "காலி" என்றான்.

கடைசியாக ஸ்டேஷன் வேலை. தேர்தல் அறிவிப்பு வந்ததும், வங்கிக் காவல் போன்று விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்கள் ஒப்படைக்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே காலி செய்து, எண்ணி, முன்கட்டையைப் பின்னால் இழுத்துத் திறந்த நிலையில் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். அங்கே எழுத்தர் எதிரில் மறுபடி விரல் விட்டுக் காட்டுங்கள். ரசீதில் துப்பாக்கி எண், லைசென்ஸ் எண் இரண்டும் சரியா என்று அங்கேயே படியுங்கள். மேகசின் வகையாக இருந்தால் எத்தனை மேகசின் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது அதில் ஒன்று குறைந்தால் யாரிடம் கேட்பீர்கள்?